குரலை முறித்துப் பாடியவர்

அடிவயிற்றிலிருந்து எழும் குரல் சட்டென முறிந்து கள்ளக்குரலுக்குத் தாவும்; அதே வேகத்தில் கீழே இறங்கும். இதுதான் யோடலிங். தமிழ்த் திரையில் அதை ஒலிக்கவைத்தவர் தூத்துக்குடியில் பிறந்த ஜே.பி. சந்திரபாபு (1927–1974). சென்னையின் கேசவபெருமாள்புரத்தில், மாடிவரை காரிலேயே ஏறிப்போகும்படி வீடு கட்டத் தொடங்கியவர்.

அவர் பிறந்த ஆண்டில்தான் அமெரிக்காவில் ஜிம்மி ராட்ஜர்ஸ் முதன்முதலில் இசைத்தட்டுக்குப் பாடினார். ரயில்வேயில் வேலை பார்த்த அந்த வெள்ளையர், கறுப்பின மக்களின் ப்ளூஸோடு யோடலிங்கைக் கலந்து கன்ட்ரி இசைக்கு வழிபோட்டார். இதே கலப்பு பின்னரும் தொடர்ந்தது: 1954இல் மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவிலிருந்து வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டில் ஒரு பக்கம் ஆர்தர் க்ருடப்பின் ப்ளூஸ், மறுபக்கம் பில் மன்றோவின் கன்ட்ரி. டிரம்ஸ் கிடையாது, டபுள் பேஸின் தந்தியை அறைந்தே தாளம் எழுப்பினார்கள். ராக்கபில்லி என்ற இசைவகை பிறந்தது இப்படித்தான்.

1957இல் அந்த வகைப் பாடகர் பட்டி ஹாலி விக்கல் எடுப்பதுபோல் குரலை வெட்டிப் பாடினார். அதே ஆண்டு சந்திரபாபு ‘புதையல்’ படத்தில் பாடினார். மேற்கத்திய மெட்டில் தமிழ் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்தது!

நகைச்சுவை நடிகர் என்ற புகழ் அவருடைய பாட்டை மறைத்தது பெரிய இழப்பு. ‘மணமகன் தேவை’யில் ஜி. ராமநாதன், ‘புதையல்’ படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி, ‘அன்னை’யில் ஆர். சுதர்சனம் என்று இசையமைப்பாளர்கள் மாறினாலும், பாடுவது யாரென்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.