ஆவியில் நிமிரும் தொப்பி

கல்லாவியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் தாண்டி, ஜூஜுவாடியில் தமிழ்நாட்டை விட்டு அத்திப்பள்ளியில் கர்நாடகத்துக்குள் நுழைவார்கள். 2025 வரை, மாநிலம் மாறியதைத் தெரிந்துகொள்ளப் பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சாலையோரம் நின்ற கான்ஸ்டபிளின் தொப்பியே சொல்லிவிட்டது. அகல விளிம்பின் ஒரு பக்கம் மேலே மடிந்து நிற்கும் ஃபெல்ட் தொப்பி அது. ஸ்லவுச் தொப்பி என்பார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1885இல் குதிரைப்படைக்குக் கொடுத்து, பிறகு அந்நாட்டு ராணுவத்துக்கே அடையாளமாகிப்போன அதே வடிவம்தான்.

2025 அக்டோபரில் கர்நாடக அரசு அதை மாற்றி, கான்ஸ்டபிள்களுக்குக் கருநீலத் தொப்பி கொடுத்தது. வெயிலிலும் மழையிலும் மணிக்கணக்கில் நிற்கிறவர்களுக்கு இது நல்ல மாற்றம்; சந்தேகமில்லை. ஆனால் ஓய்வுபெற்றவர்களின் வீட்டில் நினைவாகக் கிடக்கும் பழைய தொப்பிகளை நினைத்தால் மனம் பதைக்கிறது. நசுங்கிய ஃபெல்ட் தொப்பியைக் குப்பைக்குத்தான் லாயக்கு என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவசரம். அந்தத் தொப்பி அநேகமாகப் பிழைக்கும், அதுவும் நம் அடுப்படியிலேயே.

காரணம், ஃபெல்ட் நெய்த துணியே அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குரும்பர்கள் நெய்யும் கம்பளியில் பாவும் ஊடையும் உண்டு. ஃபெல்ட்டில் இரண்டும் கிடையாது, மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான். ஆட்டுக் கம்பளி மயிரை நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோல் முழுக்கச் செதில் செதிலாக, எல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். வேரிலிருந்து நுனிவரை தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் பிடிக்கும். வெந்நீரில் நனைத்துப் பிசையும்போது ஒவ்வொரு மயிரும் வேர்ப்பக்கமாக மட்டுமே நகரும். நகர்ந்தது திரும்பி வராது. பிசையப் பிசையச் சிக்கல் இறுகிக் கெட்டித் தகடாகிவிடும்.

அந்தத் தகட்டைத் தலை வடிவ மரக்கட்டையில் இழுத்துப் பொருத்தினால் தொப்பி. வெட்டும் இல்லை, தையலும் இல்லை. பிறகு அந்த வடிவத்தைப் பிடித்து நிறுத்துவது எது? நம் தலைமுடியைப் போலவே கம்பளியும் கெரட்டின் என்ற புரதம். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே உள்ள பிணைப்புகளில் இங்கே முக்கியமானவை இரண்டு வகை. கந்தகப் பிணைப்பு வலுவானது, லேசில் அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். ஈரம் புகுந்தால் இவை விட்டுவிடும், காய்ந்தால் அப்போது இருக்கும் நிலையிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். காய்ந்த கம்பளியை இளக்க 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிவிட்டாலோ அறை வெப்பத்திலேயே இளகிவிடும். நசுங்கியதும் இந்த வழியாகத்தான், நிமிர்வதும் இந்த வழியாகத்தான்.

முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். உள்ளே நெற்றியில் படும் தோல் பட்டையை வெளியே மடித்து விடுங்கள். அது சூட்டில் சுருங்கினால் தொப்பி தலைக்குச் சேராது. இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கட்டும். வரும் ஆவியில் தொப்பியை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒடுங்கிய இடத்தைச் சில விநாடி காட்டுங்கள். ஃபெல்ட் விரலுக்கு வளையத் தொடங்குவது தெரியும். உள்ளிருந்து விரல் நுனியால் மெல்ல வெளியே தள்ளுங்கள். நகம் படக் கூடாது. ஒரேயடியாக நிமிர்த்தப் பார்க்காமல், ஆவி காட்டுவதும் தள்ளுவதுமாக மாறி மாறிச் செய்ய வேண்டும். தலை அளவுக்கு ஒத்த ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் துண்டைச் சுற்றி, தொப்பியை அதில் மாட்டிக் காய வைத்தால் வடிவம் நிற்கும்.

காய வைப்பது நிழலில்தான். சித்திரை வெயிலில் போட்டால் ஃபெல்ட் சீரில்லாமல் சுருங்கிவிடும். விளிம்பு தொங்கிப்போயிருந்தால், ஈரப் பருத்தித் துணி விரித்து அதன்மேல் மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம். பழைய தொப்பிகளை விறைப்பாக்க அரக்குக் கரைசல் தடவுவது வழக்கம். அதுவும் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும். அந்த அரக்கு நம் நாட்டில், குறிப்பாக ஜார்க்கண்ட் காடுகளில், பூச்சி சுரப்பது.

ஓர் எச்சரிக்கை. முயல், பீவர் போன்ற விலங்குகளின் மயிரில் செய்த மிகப் பழைய வெளிநாட்டுத் தொப்பி கைக்கு வந்தால் ஆவி காட்டாதீர்கள். அந்த மயிர் எளிதில் பின்னிக்கொள்ளப் பாதரச நைட்ரேட் பூசினார்கள். தொப்பித் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்காவின் டேன்பரியில் தொழிலாளர்களின் கைகால் நடுங்கியது. 'டேன்பரி நடுக்கம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. அங்கே இந்தப் பழக்கம் 1941இல்தான் நின்றது. அருங்காட்சியகத் தொப்பிகளில் இன்றும் பாதரசம் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆட்டுக் கம்பளித் தொப்பிக்கு இந்தப் பூச்சு தேவைப்பட்டதில்லை.

மற்றொரு எதிரி அந்துப்பூச்சி. அதன் புழுவுக்குக் கெரட்டினையே செரிக்கும் வல்லமை உண்டு. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இடம் என்றால் அதற்கு விருந்து. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். புழு அரித்த ஓட்டையை அடைக்கத் தனிச் சரக்கு வாங்க வேண்டாம். தோல் பட்டைக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் அதே நிறத்தில் பஞ்சு வரும். ஓட்டையின் உள்பக்கம் துளித் துணிப் பசை தொட்டு, வெளியிலிருந்து அந்தப் பஞ்சை நிரப்பி அழுத்துங்கள். காய்ந்ததும் மயிர் சாய்ந்த திசையிலேயே பிரஷ்ஷை ஓட்டுங்கள்; சிறிய ஓட்டையானால் இருந்த தடமே தெரியாது.