பெண் நாய்க்குக் கட்டியா? புற்றுநோய் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்!

துறையூரை அடுத்த உப்பிலியபுரம் பக்கம், தோட்டத்து வீடுகளில் நாய்தான் காவல். பத்து வருடம் வாசலில் கிடந்த பெண் நாய், திடீரென்று பின்பக்கத்தை விடாமல் நக்குகிறது. சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகிறது. வாலைத் தூக்கிப் பார்த்தால், பிறப்புறுப்பில் ஒரு கட்டி! "வயசாயிடுச்சு, புத்துநோய்தான், இனி பிழைக்காது" என்று வீட்டில் பேச்சு வந்துவிடும்.

அவசரப்படாதீர்கள். அந்த இடத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை.

என்னென்ன கட்டிகள்?

கருத்தடை செய்யாத, வயதான நாய்களுக்கு அதிகம் வருவது 'லியோமயோமா' என்ற தசைக் கட்டி. பெண்களுக்குக் கருப்பையில் வரும் ஃபைப்ராய்டு போன்றது. கெட்டியாக, வழவழப்பாக, மெதுவாக வளரும். மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன்தான் இதற்குத் தீனி.

இளம் நாய்க்குப் பருவத்துக்கு வரும் சமயத்தில் சதை வீங்கி வெளியே வந்தால், அது கட்டியாகவே இல்லாமலும் இருக்கலாம். ஹார்மோன் வீக்கமாக இருக்கலாம். பருவம் முடிந்ததும் வற்றும்.

காலிஃபிளவர் போல இருந்து, தொட்டாலே ரத்தம் கசிந்தால், இணை சேரும்போது தொற்றும் கட்டியாக இருக்கலாம். இதற்குக் கத்தி தேவைப்படுவது குறைவு. வாரம் ஒருமுறை 'வின்கிரிஸ்டின்' ஊசி சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். நம் தெருவோரம் பூக்கும் நித்தியகல்யாணியில் இருந்து எடுக்கப்படும் மருந்து இது. அதற்காகச் செடியை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம்!

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

டாக்டர் கையுறை போட்டு விரலால் சோதிப்பார். ஊசியால் செல்களை உறிஞ்சியோ, சிறு துண்டு வெட்டியோ பரிசோதனைக்கு அனுப்புவார். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும். கண்ணால் பார்த்து மட்டும் வகையை உறுதி செய்ய முடியாது.

சிகிச்சை என்ன?

தசைக் கட்டி என்றால் மயக்க மருந்து கொடுத்து வெட்டி எடுப்பார்கள். கூடவே சினைப்பை, கருப்பையையும் நீக்கிவிட்டால் கட்டி திரும்ப வருவது அரிது. எடுத்த கட்டியைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தையல் ஆறும்வரை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை போட வேண்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சீழ் வடிந்து, சாப்பிடாமல் தண்ணீர் மட்டும் அதிகம் குடித்தாலோ ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். இரண்டாவது, கருப்பையில் சீழ் கட்டியதன் அறிகுறி, உயிருக்கே ஆபத்து.

முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய அறுவை சிகிச்சை என்றால் பக்கத்து மாவட்டங்களிலேயே நாமக்கல், ஒரத்தநாடு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

குட்டி வேண்டாம் என்றால் இளவயதிலேயே கருத்தடை செய்துவிடுங்கள். இந்தத் தசைக் கட்டிக்கும் கருப்பைச் சீழுக்கும் அதுவே நல்ல தடுப்பு. பத்து வருடம் நம் வாசலைக் காத்த ஜீவனுக்கு, ஒரு பரிசோதனையாவது நாம் செய்ய வேண்டாமா?