கட்டிலருகே ஒரு மாற்றாள்

நடவுக்கு மாற்றாள் போவது கிராமத்து வழக்கம். இன்று உன் வயல், நாளை என் வயல், கூலி கிடையாது. அதே கணக்கை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார்கள் இரு தோழிகள்.

ஒருவரின் மாமியார் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நடவு நாட்களில் அது தவறி, முதுகில் புண் வந்துவிட்டது. இப்போது இவர் வயலில் இருந்தால், தோழி கட்டிலருகே இருக்கிறார். தோழி தன் கணவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் நாளில், அவர் வீட்டு மாடுகளுக்கு இவர் பால் கறக்கிறார்.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மற்ற நேரத்துக்குப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். மாற்றாள் கேட்பதில் கூச்சம் எதற்கு?