ஹோமில் சேர்த்த பிறகும் கேள்வி கேட்கலாம்

"முதல் பதினஞ்சு நாள் யாரும் பார்க்க வராதீங்க. வந்தா உங்களோடவே கிளம்புறேன்னு அடம் பிடிப்பாங்க. கொஞ்சம் இங்க செட் ஆகட்டும்."

மறதி நோய் முற்றிய அம்மாவையோ அப்பாவையோ ஹோமில் சேர்க்கப் போகிறவர்கள் பல இடங்களில் கேட்கும் பேச்சு இது. பிள்ளைகள் மறுபேச்சுப் பேசுவதில்லை. "பெத்தவள ஹோம்ல தள்ளிட்டான்" என்ற ஊர்ப்பேச்சு அவர்கள் காதில் முன்கூட்டியே கேட்கத் தொடங்கியிருக்கும். கூனிக்குறுகி நிற்பவர்கள் விதிமுறை கேட்பதில்லை. அட்வான்ஸைக் கட்டி, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு வாட்ஸ்அப் படம், அவ்வளவுதான். மோசமான ஹோம்கள் பிழைப்பது இந்தக் கூச்சத்தை வைத்துத்தான் என்பது என் எண்ணம்.

முதலில் அந்தக் கூச்சத்தை ஓரம் கட்டுவோம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று தெருவில் இறங்குபவரை, கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறப்பவரை, ஒற்றை மருமகளோ ஒற்றை மகளோ வருஷக்கணக்கில் தூங்காமல் பார்த்துக்கொள்ள முடியாது. ஹோம் தேவைப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. இனியும் கூடும்.

இனி சட்டத்துக்கு வருவோம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிந்தனை, மனநிலை, நினைவாற்றல், இடம்-காலம் அறியும் திறன் ஆகியவற்றில் ஏற்பட்டு அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் கோளாறுகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. மறதி நோய் முற்றியவர் இதற்குள் வந்துவிடுவார். அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம், உறவினர் வீடு நீங்கலாக, மனநல நிறுவனம் ஆகிறது. மாநில மனநல ஆணையத்தில் அது பதிவு செய்திருக்க வேண்டும். "டிமென்ஷியா கேர்" என்று வாசலில் போர்டு மாட்டிவிட்டு, "நாங்க சாதாரண முதியோர் இல்லம்தான் சார்" என்று நழுவுவது இந்த வரையறைக்கு முன்னால் எளிதல்ல. பதிவு இல்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் 5 லட்சம் வரை. சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் டிரஸ்ட் பதிவுச் சான்றிதழாக இருக்கும். ஒரு டிரஸ்ட் இருக்கிறது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லாது. எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு, எண் என்ன, எதுவரை செல்லும் என்று கேட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளித்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வெறும் காகிதச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே ஓர் ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவரை உறவினர் பார்க்கச் சென்றபோது அவர் அங்கே இல்லை. வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், 2023 பிப்ரவரியில், அதிகாரிகள் உள்ளே போனார்கள். உரிய அனுமதி இல்லாத அந்த இடத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. ஒரு குடும்பம் விடாமல் தேடியதால்தான் இவ்வளவும் வெளியே வந்தது.

பார்க்க வராதே என்பதற்கு வருவோம். பார்வையாளர்களைச் சந்திப்பதும், நியாயமான நேரங்களில் போனில் பேசுவதும் உள்ளே இருப்பவரின் உரிமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. நேரம் வகுக்க ஹோமுக்கு உரிமை உண்டு. வாசலை மூட இல்லை. புது இடத்தில் முதல் சில நாட்கள் சிரமம்தான். பிரியும்போது அழுகை இருக்கும். ஆனால் பெயரும் முகமும் தப்பிப்போகிறவருக்குத் தெரிந்த ஒரே முகத்தைப் பதினைந்து நாள் மறைத்தால் அவர் எப்படிச் செட் ஆவார் என்பது எனக்குப் புரியவில்லை. போகும்போது சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. ஊட்டிவிடுகிறார்களா, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கட்டிவைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கி, மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு பிணைப்பது ஒரு வகை. நாற்காலிக்குக் குறுக்கே பலகையை மாட்டி எழுந்திருக்க விடாமல் செய்வது இன்னொரு வகை. அறையில் போட்டுப் பூட்டுவதும் உண்டு. கேட்டால், "ராத்திரி கீழ விழுந்துடுவாங்க சார், நாப்பது பேருக்கு நாங்க ரெண்டே பேரு" என்பார்கள். இந்தச் சாக்கைச் சட்டம் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக்கூடாது என்று பிரிவு 97 பச்சையாகவே சொல்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரம்வரை மட்டும் கட்டுப்படுத்தலாம். ஏன், எவ்வளவு நேரம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது தன் சார்பில் பேச அவர் நியமித்தவருக்கு, தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது. தனியறையில் அடைப்பதற்கும் சங்கிலிக்கும் முழுத்தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் இருந்த மனநோயாளிகள் ஓடமுடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அந்தச் சாம்பலை மிதித்து வந்த சட்டம் இது. அதனால் சேர்க்கும்போதே கேளுங்கள்: ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? விழாமல் இருக்க என்ன செய்வீர்கள்? தாழ்வான கட்டில், இரவு விளக்கு, தூங்கப்போகும் முன் கழிப்பறைக்கு அழைத்துப் போவது என்று பதில் வந்தால் அங்கே யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

துணியால் கட்டாமல் மாத்திரையால் கட்டுவதும் நடக்கிறது. பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பா எச்சில் ஒழுக அரைத்தூக்கத்தில் இருந்தால், "வயசாகுதுல்ல" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். மருந்துச்சீட்டைக் கேளுங்கள், மருத்துவக் குறிப்புகளைப் பெறுவதும் சட்ட உரிமைதான். குவெட்டியாபைன், ஒலான்சபைன், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவை மனச்சிதைவுக்குத் தரப்படும் மருந்துகள். மறதி நோயாளிகளின் ஆவேசத்துக்கும் சில நேரம் இவை தேவைப்படலாம். ஆனால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவற்றால் மரண ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லும், ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கு 2008-லும் எச்சரிக்கை விடுத்தது. யார் எழுதியது, எதற்காக, எப்போது குறைப்பார்கள் என்று அந்த மருத்துவரிடமே பேசிவிடுவது நல்லது. நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று: நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று ஒரேயடியாகக் குழம்பிக் கத்துகிறார் என்றால், சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, தண்ணீர் போதாமையோ, சொல்லத் தெரியாத வலியோ இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தூக்க மாத்திரை தருவது நோயை மூடிவைக்கிற வேலை.

புகார் சொல்ல முடியாதவரின் உடம்பு சொல்லும். வளையலைத் தள்ளி மணிக்கட்டைப் பாருங்கள். வால் எலும்புப் பக்கமும் குதிகாலும் சிவந்திருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவில்லை என்று பொருள். மாதாமாதம் எடை பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். பல்செட், கண்ணாடி, காது மெஷின் மூன்றும் அவரிடம்தான் இருக்கின்றனவா? பல்செட் தொலைந்தால் சாப்பாடு குறையும், காது மெஷின் தொலைந்தால் "பேச்சே இல்லை, நோய் முத்திடுச்சு" என்பார்கள். பேன் வரும் என்று சொல்லி ஆச்சியின் கூந்தலை ஒட்ட வெட்டி, சேலைக்குப் பதில் எல்லாருக்கும் ஒரே நைட்டியை மாட்டிவிடுவதைச் சகஜமாக எடுத்துக்கொள்கிறோம். கட்டாயமாக மொட்டையடிப்பதும், சொந்த உடை வேண்டாம் என்று சீருடை திணிப்பதும் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 20-ல் எழுதியே வைத்திருக்கிறார்கள். தாலிக்கொடி, தோடு, மெட்டி போன்றவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கழற்ற மனமில்லை என்றால் போட்டோவும் பட்டியலும் நிர்வாகியின் கையெழுத்தும் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். அட்வான்ஸ் எப்போது திரும்பும், டயபர், மருந்து, ஆம்புலன்ஸ் யார் செலவு, எந்த ஆஸ்பத்திரி என்று யார் முடிவெடுப்பது, உயிர் பிரிந்தால் முதலில் யாரை அழைப்பார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

சொத்து விஷயத்தில் ஆபத்து ஹோமிலிருந்து வருவதைவிட வீட்டுக்குள்ளிருந்து வருவதுதான் அதிகம். மறதி முற்றிய பெரியவரின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வாங்கும் செட்டில்மென்ட் பத்திரம் செல்லாது. செய்வது என்ன என்று புரிந்து முடிவெடுக்கத் தெரிந்தவர்தான் ஒப்பந்தம் செய்ய முடியும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 12-ம் பிரிவு. பலருக்கும் தெரியாத இன்னொன்று: தெளிவாக இருந்த காலத்தில் கொடுத்த பவர் பத்திரமும், கொடுத்தவர் சித்தசுவாதீனத்தை இழந்ததும் முடிந்துபோகும். ஆட்டிசம் போன்றவற்றுக்குக் காப்பாளர் நியமிக்கும் 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் டிமென்ஷியா இல்லை. அதனால்தான் வங்கிக் கணக்கை இயக்கவும் வீட்டை விற்று வைத்தியம் பார்க்கவும் குடும்பங்கள் உயர் நீதிமன்றப் படியேறுகின்றன. ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால் இந்த அலைச்சலில் பாதி மிச்சம்: உயில், கூட்டுக்கணக்கு, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற முன்விருப்ப ஆவணம், பிறகு நியமனப் பிரதிநிதி. கடைசியாகச் சொன்னதற்கு வெள்ளைத்தாளும் கையெழுத்துமே போதும்.

சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டவர்களுக்கு 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பெரியவரால் முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம், தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை. 90 நாளில் முடிவு வர வேண்டும். பிரிவு 23-ன் கீழ் பத்திரத்தையே ரத்து செய்ய முடியும். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. அன்பும் அக்கறையுமே மறைமுகமான நிபந்தனைதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது. சிக்கலே வேண்டாம் என்றால் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஹோமில் காயமோ புறக்கணிப்போ தெரிந்தால், சண்டை போடுவதற்கு முன்னால் பெரியவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே பதியும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பிதான் பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படை. போலீஸில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்காமல் வெளியே வராதீர்கள். நோயாலோ மனக்கோளாறாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்புக்கொண்டு வேண்டுமென்றே கைவிடுவது, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 357-ன்படி மூன்று மாதம் வரை சிறை தரக்கூடிய குற்றம். ஸ்டேஷனில் அதிகம் புழங்காத பிரிவு என்பதால் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். உரிமை மீறல்களுக்கு மனநல மறுஆய்வு வாரியம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு நாளில் கொடுத்தால் அது மாவட்டச் சமூக நல அலுவலருக்குப் போகும். பணம் கட்டிப் பெறும் சேவை என்பதால், இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. இலவச வக்கீல் உதவிக்கு 15100.

இதில் ஆயாக்களை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், சொற்பச் சம்பளம், பயிற்சி என்று எதுவும் கிடையாது. அடி வாங்கிக்கொண்டே குளிப்பாட்டுகிறவர்கள் அவர்கள். எழுதி ஒட்ட ஒரு தாள் கொடுங்கள்: காபியில் சர்க்கரை எவ்வளவு, எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், குளிக்க வெந்நீரா பச்சைத்தண்ணீரா, எந்தப் பக்கம் படுத்தால் முதுகு வலிக்கும். நிர்வாகியின் நம்பர் எல்லாரிடமும் இருக்கும். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற அம்மாவின் பெயரையும் நம்பரையும் வாங்கிவைத்து, அவ்வப்போது அவரையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.