பழக் கழிவும் சாயத் தண்ணீரும்

ஒருநாள் வகுப்பில் சங்க இலக்கியம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தேற்றாமரத்தின் கொட்டை கலங்கிய நீரைத் தெளியவைப்பதைக் கலித்தொகை உவமையாக எடுத்தாள்கிறது. அதைச் சொன்னதும், "கொட்டைக்கு எப்படி சேர் அந்தச் சக்தி?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டது. தமிழ் படித்த எனக்குப் பதில் வரவில்லை. விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், பின்னர் தேடி வாசித்தும் அறிந்ததையே இங்கு தருகிறேன்.

கலங்கல் நீரிலுள்ள நுண்துணிக்கைகள் பெரும்பாலும் மறையேற்றம் கொண்டவை. ஒரே ஏற்றமுள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் நாட்கணக்கில் வைத்தாலும் அவை அடையாமல் நிற்கின்றன. நேரேற்றமுள்ள ஒரு பொருளை இட்டால் அந்தத் தள்ளுகை குறையும். துணிக்கைகள் ஒட்டித் திரண்டு, பாரமாகி அடியில் படியும். தொழிற்சாலைகள் இதற்கு அலுமினியம் சல்பேற்றைப் பாவிக்கின்றன. அது நன்றாக வேலை செய்யும். ஆனால் நீரின் அமிலத்தன்மையைக் கூட்டும். அலுமினியம் கலந்த சேற்றையும் நிறைய மிச்சம் வைக்கும். அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது?

இந்த இடத்தில்தான் பழக் கழிவு வருகிறது. பழக்கடையில் நாம் வீசும் பப்பாசி விதையில் புரதம் இருக்கிறது. தோடம்பழத் தோலில் பெக்டின் இருக்கிறது. புரதம் ஏற்றத்தைச் சமன்செய்யும். பெக்டின் நீண்ட இழைபோலத் துணிக்கைகளைக் கோத்துப் பிடிக்கும். செய்முறையும் பெரிய வித்தையல்ல. விதையைக் கழுவிக் காயவைத்து, இடித்து அரித்து, உப்புநீரில் கலக்கி வடிக்க வேண்டும். உப்புநீரில் புரதம் கூடுதலாகக் கரையும். வடித்ததைக் கழிவுநீரில் ஊற்றி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, அடைய விடுவார்கள். அளவு மிஞ்சினால் துணிக்கைகள் எல்லாம் நேரேற்றம் பெற்று மறுபடி கலங்கிவிடும். ஆகவே பல சாடிகளில் வெவ்வேறு அளவு இட்டுப் பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

நான் சின்ன வயதில் வாழ்ந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கான் ஓடியது. சாயப் பட்டறையில் அன்றைக்கு என்ன நிறமோ, கானிலும் அதே நிறம். அந்தத் தண்ணீருக்குப் பப்பாசி விதை போதுமா? முழுதாகப் போதாது. அமிலத்தன்மை கூடிய நீரில்தான் அந்தப் புரதம் நேரேற்றம் பெற்றுச் சாயத்தைப் பிடிக்கும். முருங்கை விதைப் புரதம் சாதாரண நீரிலேயே நேரேற்றத்தோடு இருப்பதால் அதற்கு அந்தச் சிரமம் குறைவு. விதைத்தூளை வடிக்காமல் அப்படியே கொட்டினால் அதன் சேதனப் பொருள் நீரில் அழுகி, மீனுக்கு வேண்டிய ஒட்சிசனைக் குடித்துவிடும். வடித்த சாறும் நாள்பட்டால் பழுதாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விசயம் உப்பு. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யல் ஆற்றை நாசமாக்கியபோது, கழிவை முற்றாக நிறுத்தும்வரை சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. அங்கே வயலையும் கிணற்றையும் கெடுத்ததில் கரைந்த உப்புக்குப் பெரும் பங்குண்டு. எந்த விதையும் அதை அடையவைக்காது. அதற்கு வேறு சுத்திகரிப்பு வேண்டும். பழக் கழிவு செய்வது முதற்படி வேலை மட்டுமே. ஆனாலும் சேற்றில் அலுமினியம் சேராமல் அந்தப் படியைத் தாண்டுவது சிறிய காரியமல்ல.

பிறகு வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து மண் கலங்கிய நீரில் செய்து பார்த்தோம். அரைமணி நேரத்தில் மேல்நீர் தெளிந்தது. "குடிக்கலாமா சேர்?" என்றார்கள். "ஏலாது. கிருமியும் கரைந்ததும் கண்ணுக்குத் தெரியாது" என்றேன். இந்தப் பரிசோதனையைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் அந்தப் பதிலையும் சேர்த்தே படிப்பிக்க வேண்டும்.