ஆதன் முதல் சந்தியாகு வரை

சிவகங்கை மாவட்டம் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்ற பெயர் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கிடைத்த ஓடுகளிலும் அந்தப் பெயர் உண்டு. கரூர் அருகே புகலூர்க் கல்வெட்டில் அதையே தாங்கி நிற்பவன் ஒரு சேர அரசன், ஆதன் செல்லிரும்பொறை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் பானைக்காரருக்கும் மன்னருக்கும் பொதுவாயிருந்த இந்தப் பெயரை இன்று எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

‘வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும்’ என்று இன்றைய பெற்றோர் தேடுகிறார்கள். ஜாதகம் எழுதியதும் நட்சத்திர எழுத்து வந்துவிடுகிறது. அசுவினி என்றால் சு, சே, சோ, லா. பிறகு எண் கணிதம் கூட்டிப் பார்க்கிறார்கள். இத்தனை சல்லடையில் சலித்தும் கடைசியில் கையில் நிற்பவை பெரும்பாலும் ‘ஷ்’ என்றோ ‘த்’ என்றோ முடியும், ஒன்றுபோல ஒலிக்கும் பெயர்கள். புதிதாகச் சேர்த்துக் கோத்த ஓசை என்பதால் பலவற்றுக்குப் பொருள் சொல்வதும் கடினம். ஆனால் உண்மையான மனிதர்கள் வைத்துக்கொண்டு வாழ்ந்த, பொருளும் பின்னணியும் தெரிந்த அரிய பெயர்கள் தமிழில் ஏராளமாகக் கிடக்கின்றன.

சங்கப் புலவர்களின் பெயர்களில் முன்னால் நிற்கும் ‘ந’ என்ற ஒற்றை எழுத்துக்கு ‘நல்ல’ என்று பொருள். கீரன் நக்கீரன் ஆனதும், பூதன் நப்பூதன் ஆனதும் இப்படித்தான். முல்லைப்பாட்டைப் பாடியவர் நப்பூதனார். பெண்களில் நச்செள்ளை இருக்கிறார். காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் என்ற அடைமொழியும் பெற்ற இவர், பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய புலவர். இறுதியில் வரும் ‘ஆர்’ மரியாதை விகுதி மட்டுமே. அதை எடுத்துவிட்டால் குழந்தைக்கு ஏற்ற பெயர் கிடைத்துவிடும். அள்ளூர் நன்முல்லையார் ‘நன்முல்லை’ ஆவார். குறமகள் இளவெயினியார் ‘இளவெயினி’ ஆவார். எயினர் குடிப் பெண்ணைக் குறிக்கும் எயினி என்ற சொல்லோடு இளமை சேர்ந்த பெயர் அது.

மகனின் பெயரால் தந்தையை அழைக்கும் வழக்கமும் அன்று இருந்தது. ஆதனின் தந்தை ‘ஆந்தை’, பூதனின் தந்தை ‘பூந்தை’. இந்தச் சேர்க்கைக்குத் தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரின் பெயரில் இருப்பது பறவை அல்ல, பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆதன் தந்தை. இத்தகைய பெயரை இன்று வைத்தால் பிள்ளை வாழ்நாள் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கரிகாலனின் மகளாகச் சொல்லப்படும் ஆதிமந்தியின் பெயரை வைக்கப் பலரும் தயங்குவதும் அதனால்தான். பழைய பெயரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அன்றைய பொருளோடு இன்றைய பொருளையும் பார்த்துக்கொள்வது நல்லது.

சோழர் காலத்துப் பெண் பெயர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலே ஒரு களஞ்சியம். கோயில் பணிக்காக இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களை அங்குள்ள கல்வெட்டு ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருக்கிறது. சேரமங்கை, சோழகுலசுந்தரி, தில்லையழகி என்று போகிறது அந்த வரிசை. ஊர்ப் பெயரே பெண்ணின் பெயராக, திருவையாறு, மறைக்காடு என்றும் வருகிறது. ஒருத்தியின் பெயர் ‘எடுத்தபாதம்’. தில்லைக் கூத்தன் தூக்கிய திருவடி ஒரு பெண்ணுக்குப் பெயராகியிருக்கிறது! அரசிகளின் பெயர்கள் வரலாற்றில் நிலைப்பது எங்கும் உள்ளதுதான். ஆடியும் பாடியும் வாழ்ந்த சாதாரணப் பெண்களின் பெயர்கள் 1,000 ஆண்டுகள் கடந்து கிடைப்பது பெரும் பேறு.

எல்லாப் பெயரும் அழகுக்காக வைத்தவை அல்ல. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன வீடுகளில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்றார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனும் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. 1900-ல் கும்பகோணத்தில் பிறந்த எழுத்தாளர் ந. பிச்சமூர்த்திக்கு இட்ட பெயர் வேங்கட மகாலிங்கம். அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் இறந்துபோனதால் ‘பிச்சை’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே இலக்கியத்தில் நிலைத்தது. கேட்பதற்குக் கரடுமுரடான இந்தப் பெயர்களைக் கேலி செய்பவர்கள், அவற்றுக்குள் இருக்கும் தாயின் பயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘போதும்பொண்ணு’ என்பது வேறு வகை. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று பெண் குழந்தையின் தலையில் சுமத்திய பெயர் அது. அது வழக்கொழிவதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

தெற்கே இசக்கிமுத்து, சுடலைமுத்து, பேச்சிமுத்து ஆகியவை குலதெய்வத்தின் பெயர்கள். இயக்கி என்ற பெண் தெய்வமே பேச்சில் இசக்கி ஆனாள்.

தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய பெயர்கள் இன்னொரு புதையல். சவேரியாரின் பெயரிலிருந்து வந்தது சவரிமுத்து. சந்தியாகு, போர்த்துக்கீசியர் யாக்கோபுக்கு வழங்கிய பெயரின் தமிழ் வடிவம். லத்தீனில் பவுல் என்ற பெயருக்குச் ‘சிறியவர்’ என்று பொருள். அதனால் பவுல் சின்னப்பர் ஆனார். எபிரேயத்தில் யோவான் என்பதற்குக் ‘கடவுள் அருளுடையவர்’ என்று பொருள். அதனால் யோவான் அருளப்பர் ஆனார். ஆரோக்கியம் வேளாங்கண்ணி மாதாவின் பெயர். தாத்தாக்களோடு நின்றுபோன இந்தப் பெயர்களில் மூன்று கண்டங்களின் வரலாறு இருக்கிறது.

பெயரைப் பொருள் பார்த்து மாற்றியவர்களும் உண்டு. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார். வேதாசலம் மறைமலை ஆனார். இந்தத் தனித்தமிழ் அலையில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் மாறினார்கள். சங்க காலத்துப் பெயர்கள் மறுபடி வீடுகளுக்குள் வந்தது இதற்குப் பிறகுதான்.

பெயர் தேட அவசரப்பட வேண்டியதும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்க முடியும். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இந்த இடைவெளியில் வீட்டுப் பெரியவர்களிடம் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டியின் பெயர்களையும் அவை வந்த காரணத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். நன்முல்லையோ சவரிமுத்துவோ, தேர்ந்தெடுத்த பெயரைத் தலைப்பெழுத்தோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஆங்கில எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்துவிட்டுப் பதிவாளரிடம் போனால், பிற்பாடு அரசிதழில் பெயர் மாற்றும் அலைச்சல் மிச்சமாகும்.