கிளிக்கம்பில் வந்தோர் கட்டிய நகரம்

பெருநகரங்கள் பலவும் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தையோ, கப்பல்கள் தங்குவதற்குரிய துறையையோ பற்றிக்கொண்டு வளர்ந்திருக்க, தென் அமெரிக்காவின் மிகப் பெரிய நகரமாகிய சாவோ பாவுலோ மட்டும், கடலுக்கு அருகிலிருந்தும் கடலைக் காணாத ஒரு மேட்டு நிலத்தில், சமுத்திரத்துக்கு முதுகு காட்டி உள்நாட்டை நோக்கி ஓடும் நதியின் கரையில் எழுந்தது. தியெத்தே என்னும் அந்த நதி, அட்லாண்டிக் கரைக்கு மிகச் சமீபத்தில் பிறந்தும், குறுக்கே நிற்கும் செர்ரா தோ மார் மலைத்தொடரைக் கடக்க இயலாமல் மேற்கே திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடிப் பரானா நதியில் சேர்கிறது. 1554ஆம் வருஷம் ஜனவரி 25ஆம் தேதி, நோப்ரெகா, அஞ்சியேத்தா முதலிய ஏசு சபைப் பாதிரிமார், ஏறக்குறைய 760 மீட்டர் உயரமுள்ள அந்த மேட்டில், பழங்குடி மக்களுக்கு வேதம் போதிக்க ஒரு சிறு பள்ளிக்கூடத்தை ஸ்தாபித்தனர். அதன்பின் முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அவ்வூர் பெரிதாகவில்லை. 1872இல் அதன் ஜனத்தொகை 31,000தான்.

இன்று அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பரந்து கிடக்கும் பெருநகரப் பிராந்தியம், 39 நகராட்சிகளையும் ஏறக்குறைய 8,000 சதுர கிலோமீட்டர் நிலத்தையும் தன்னுள் அடக்கியது. 2022ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்போர் சுமார் 2 கோடியே 7 லட்சம் பேர். இவ்வளர்ச்சிக்குக் காப்பி, இரயில், மோட்டார்த் தொழில் ஆகிய மூன்றையும் சரித்திரக்காரர்கள் காரணமாகக் காட்டுவர். அவை மெய்க் காரணங்களே. எனினும், இத்தனை ஜனங்கள் படுத்துறங்கும் வீடுகளைக் கட்டியவர் யார் என்று விசாரித்துப் பார்த்தால்தான் அந்நகரத்தின் உண்மையான சொரூபம் புலப்படும் என்பது என் துணிபு.

உள்நாட்டுச் செம்மண்ணில் விளைந்த காப்பிக் கொட்டை, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறி மலைச் சரிவில் இறங்கி சாந்தோஸ் துறைமுகம் சேர்ந்த காலம் போய், 1867இல் ஆங்கிலேயக் கம்பெனியார் வண்டிகளை வடம் பூட்டி இழுத்தேற்றும் இருப்புப்பாதையைத் திறந்த பிறகு, மலைமேல் இருந்த சாவோ பாவுலோ தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே தவிர்க்க முடியாத வாயிலாயிற்று. 1888இல் பிரேசிலில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு ஒரு காணி நிலமும் கொடாமல் கைவிட்டவர்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த கூலியாட்களுக்கு மட்டும் அரசாங்கப் பணத்திலேயே கப்பல் கட்டணம் செலுத்தினார்கள் என்பதைப் படிக்கையில் நெஞ்சு கொதிக்கிறது. இன்றும் அந்நகரத்தின் விளிம்புகளில் கறுப்பின மக்களே மிகுந்திருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

சாந்தோஸில் இறங்கிய இத்தாலியர், பிராஸ் பகுதியில் இருப்புப்பாதையை ஒட்டிக் கட்டியிருந்த குடியேறிகள் விடுதியில் சில நாள் தங்கித் தோட்டங்களுக்குப் போயினர். தோட்ட வாழ்வு கசந்தவர்கள் நகரத்துக்குத் திரும்பி, பிராஸிலும் மோக்காவிலும் ஆலைகளில் அமர்ந்தனர். 1908 ஜூனில் கசாட்டோ மாரு என்ற கப்பல் 781 ஜப்பானியரைக் கொணர்ந்தது. அவர்கள் வழிவந்தோர் பிற்காலத்தில் நகரத்தின் கிழக்கே மோஜி தாஸ் குரூசெஸ் வட்டாரத்தில் காய்கறியும் பூவும் பயிரிட்டனர். சிரியர்களும் லெபனானியரும் ஜவுளிக் கடை வைத்தனர். ஜப்பானியர் வருவதற்கு முன்பே, 1872இல் 31,000ஆக இருந்த ஜனத்தொகை 1900இல் 2,40,000 ஆகியிருந்தது.

வந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? ‘கொர்த்திசோ’, அதாவது தேன்கூடு, என்று பெயர் பெற்ற நெருக்கமான ஒண்டுக்குடித்தனங்களில், அறைக்கு ஒரு குடும்பமாகக் குடியிருந்தார்கள். 1942இல் வாடகையை உயர்த்தலாகாது என்று அரசாங்கம் சட்டம் செய்யவே, வாடகைக்கு வீடு கட்டுவதில் ஆதாயம் குறைந்து, பணமுடையோர் அத்தொழிலைக் கைவிட்டனர். அப்பொழுது மனை வியாபாரிகள் நகரத்துக்கு வெகு தூரத்தில் நிலத்தைத் துண்டு போட்டு மாதத் தவணைக்கு விற்றார்கள். நகரத்துக்கும் அம்மனைகளுக்கும் நடுவிலிருந்த வெற்று நிலத்தையோ விற்காமல் வைத்துக்கொண்டார்கள். மனை வாங்கிய ஏழைகள் வருஷக்கணக்கில் மன்றாடிப் பஸ்ஸும் குழாயும் விளக்கும் பெற்றபோது, அவையெல்லாம் நடுநிலத்தைக் கடந்தே வர வேண்டியிருந்தமையால், அந்நிலத்தின் விலை அதன் சொந்தக்காரர் ஒரு துரும்பையும் அசைக்காமலே பன்மடங்காயிற்று. நகரம் இத்தனை தூரம் சிதறிப் பரந்ததற்கு இந்த வியாபாரத்தைவிடப் பெரிய காரணம் எனக்குத் தென்படவில்லை.

அந்த மனைகளை வாங்கியவருள் பலர், வறட்சிக்குத் தப்பி வடகிழக்குப் பிரேசிலிலிருந்து வந்தவர்கள். லாரியின் பின்புறத்தில் குறுக்குப் பலகைகளைப் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, அப்பலகைகளில் ஆணும் பெண்ணும் குழந்தைகளும் நெருக்கியடித்துப் பல நாள் பிரயாணம் செய்ததைப் பார்த்த ஜனங்கள், அந்த வண்டிக்குப் ‘பவு தெ அராரா’ என்று பெயரிட்டனர். கிளிகள் உட்காரும் கம்பு என்பது அதன் பொருள். 1952இல் பெர்னாம்புக்கோவிலிருந்து தாயோடும் உடன்பிறந்தோரோடும் அத்தகைய லாரியில் 13 நாள் பிரயாணம் செய்து வந்த ஏழு வயதுச் சிறுவன் லூலா, பிற்காலத்தில் சாவோ பெர்னார்தோ உலோகத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராகி, தேசத்துக்கே ஜனாதிபதியானார். சாவோ பெர்னார்தோவும், அடுத்துள்ள சாந்தோ ஆந்த்ரே, சாவோ கயெத்தானோ ஆகிய ஊர்களும் மோட்டார்த் தொழிலின் கேந்திரங்கள். 1950இல் முப்பது லட்சத்துக்கும் குறைவாயிருந்த பிராந்திய ஜனத்தொகை, 1980இல் 1 கோடியே 25 லட்சமாயிற்று.

ஆலையில் ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் தன் வீட்டைக் கட்டினான். முதலில் ஓர் அறையும் அடுப்பும். கையில் காசு சேரும்போதெல்லாம் சில நூறு செங்கல். மூன்று நான்கு வருஷத்துக்குப் பின் மேல் தளம். தளம் போடும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்துக்கே விசேஷ நாள்: விடியுமுன்பே அண்டை வீட்டாரும் உறவினரும் கூடி, ஒருவர் மணலும் ஜல்லியும் சிமெண்டும் கலக்க, ஒருவர் வாளியில் அள்ள, ஒருவர் தோளில் சுமந்து ஏணியேற, வெயில் ஏறுவதற்குள் தளம் முழுவதையும் போட்டு முடிப்பார்கள், வீட்டுக்காரியோ கறுப்பு பீன்ஸும் பன்றி இறைச்சியும் பெரிய பானையில் கொதிக்க வைத்து அத்தனை பேருக்கும் பரிமாறுவாள். கூலி என்ற பேச்சே கிடையாது. அடுத்தவர் வீட்டுத் தளத்துக்கு இவர்கள் போய் நிற்பதே கூலி. இந்தக் கூட்டுழைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் ‘முத்திராவோ’.

மனை வாங்கவும் வகையற்றவர்கள் ஆற்றங்கரையிலும் மேட்டுச் சரிவிலும் குடிசை போட்டனர். தியெத்தே கரையில் கனிந்தே என்ற குடிசைப் பகுதியில், தெருத்தெருவாய்க் காகிதம் பொறுக்கி மூன்று குழந்தைகளை வளர்த்த கரோலினா மரியா தெ ஜேசுஸ் எழுதிய நாட்குறிப்பு 1960இல் புத்தகமாக வெளிவந்து, பசி என்ற ஒன்றை அந்நாட்டுக் கனவான்கள் கண்ணெதிரே நிறுத்தியது.

தண்ணீரின் கதையும் இந்த வீடுகளின் கதையோடு பின்னியதே. மின்சாரக் கம்பெனியார், பிஞ்யெய்ரோஸ் என்ற உபநதியைப் பம்புகளால் எதிர்த்திசையில் ஓடச் செய்து, பில்லிங்ஸ் என்னும் செயற்கை ஏரியில் நிரப்பி, அங்கிருந்து மலையடிவாரத்துக்கு எழுநூறு மீட்டர் விழச் செய்து மின்சாரம் எடுத்தனர். அதனால் ஆலைகள் ஓடின. நகரத்துச் சாக்கடையும் ஏரிக்கு வந்தது. 1970களில் நீர்நிலைக் கரைகளைக் காக்கச் சட்டம் பிறந்து, அங்கே கட்டடம் எழுப்புவதற்குக் கடுமையான தடைகள் ஏற்படவே, நிலத்தின் விலை விழுந்தது; விலை விழுந்த நிலமே ஏழைக்கு எட்டிய நிலமாகையால், பத்திரமில்லாத மனைகள் அக்கரைகளிலேயே பெருகின. 2014இல் கடும் வறட்சி வந்து, நகரத்துக்குத் தண்ணீர் தரும் கந்தரேய்ரா அணைகள் வற்றியபோது, முதலில் குழாய் நின்றது மேட்டிலிருந்த விளிம்புக் குடியிருப்புகளில்தான்.

மொரும்பி மாளிகைகளின் மதிலை ஒட்டியிருக்கும் பராயிசோப்போலிஸ் என்ற குடிசைப் பகுதியில் இப்பொழுது பலகைச் சுவர்கள் அரிது. பூசாத செங்கற் சுவர்கள் இரண்டு மாடி, மூன்று மாடியாய் எழுந்திருக்கின்றன. கீழே பெற்றோர், மேலே மணமான மகள், அதற்கும் மேலே வடகிழக்கிலிருந்து நேற்று வந்த மைத்துனன் என்று குடும்பம் உயரவாக்கில் வளர்கிறது. தளத்தை மட்டும் விலைக்கு வாங்கி, அதன்மேல் வீடு கட்டிக்கொள்வோரும் உண்டு. ஜனங்கள் தங்களுக்குள் பல காலமாக நடத்திவந்த இந்தக் கிரயத்தை 2017இல் தேசத்தின் சட்டமே ஏற்று, கீழ் வீடு ஒருவருக்கும் அதன் தளத்தின்மேல் உள்ள வீடு மற்றொருவருக்குமாகத் தனித்தனியே பதிவு செய்ய வழி வகுத்தது. உச்சித் தளத்தின் நான்கு மூலைகளிலும், அடுத்த மாடிக்கென்று வெட்டாமல் விட்ட இரும்புக் கம்பிகள் மழையில் துருவேறி நிற்கின்றன.